மதுரையா, சிதம்பரமா, திருச்சானூரா?

நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் வரவு செலவுக் கணக்கு வாசித்து நிறைவேறிய பிறகு, காப்பி வந்து சேர்வதற்கு முன்பு, ஒரு கால் மணி நேரம் கிடைப்பதுண்டு. அந்தக் கால் மணி நேரத்தில் ஆண் அங்கத்தினர்கள் பேசிக் கொள்வதைப் புதிதாக வந்த ஒருவர் கேட்பாரானால், சித்தூரிலும் திருப்பதியிலும் குடியேறியுள்ள தமிழ்க் கணவன்மார் அனைவரும் தோல்வி அடைவதையே தொழிலாகக் கொண்டவர்கள் என்று எண்ணிவிடுவார்.

"எங்கள் வீட்டில் கடைசி வார்த்தை எப்போதும் என்னுடையதுதான், அந்த வார்த்தை 'சரி' என்பது" என்பார் ஒருவர். "கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் ஒரே ஒரு விவாதத்தில் வென்றேன், பிறகுதான் தெரிந்தது, அவள் தூங்கிப்போயிருந்தாள் என்று" என்பார் மற்றொருவர். "நான் என் தவற்றை ஒப்புக்கொண்டவுடன் சண்டை தீர்ந்துவிடும், தவறு இன்னதென்று சாவகாசமாகத் தெரிவிப்பார்கள்" என்பார் மூன்றாமவர். சிரிப்பொலி கூரையை முட்டும். அதே மண்டபத்தின் மறுபுறத்தில் தம்ளர்களைத் தட்டில் அடுக்கிக் கொண்டிருக்கும் பெண்மணிகளோ சிரிப்பதில்லை. இந்த விகடங்களை முன்பே பலமுறை கேட்டவர்கள் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். வேறொரு காரணமும் இருக்கக் கூடும். அதை ஆராய்வதற்கே இம்மாதம் இப்பகுதியை எடுத்துக் கொண்டோம்.

நம்முடைய தெலுங்கு அண்டைவீட்டார் ஒரு பழமொழி சொல்லுவார்கள்: "இண்ட கெலிச்சி ரச்ச கெலுவு." வீட்டில் வென்ற பிறகு சபையில் வெல்லப் புறப்படு என்பது அதன் பொருள். இந்த நிபந்தனையை நமது சங்கம் கண்டிப்பாக அமல் நடத்துமாயின், நிர்வாகக் குழுவுக்குத் தலைவரும் கிடையார், காரியதரிசியும் கிடையார். அவர்கள் சொந்த வாக்குமூலப்படியே எல்லோரும் முதற்படியில் தோற்றவர்கள்.

தமிழர்களாகிய நாம் இதே விஷயத்தைக் கேள்வியாகக் கேட்கிறோம். "உங்கள் வீட்டில் மதுரையா, சிதம்பரமா?" என்று வினவினால், ஆட்சி அம்மையினுடையதா, ஐயனுடையதா என்று பொருள். நமது அன்பர்கள் தயங்காமல் "மதுரைதான்" என்று விடை பகர்கிறார்கள். அப்படிச் சொல்வதில் ஒரு பெருமையும் இருக்கிறது. தாராள மனம் படைத்தவன் என்ற பெயர் செலவில்லாமல் கிடைக்கிறதன்றோ!

ஆனால் மதுரையின் நடப்பைச் சற்றே கவனிக்க வேண்டும். சித்திரைத் திருவிழாவில் மீனாட்சியம்மனுக்குப் பட்டாபிஷேகம் நடைபெற்று, செங்கோல் அம்மன் கைக்கு வருகிறது. சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி ஆகிய நான்கு மாதங்கள் அம்மனின் ஆட்சி. ஆவணி மூலத் திருவிழாவில் சுந்தரேசுவரருக்குப் பட்டாபிஷேகம். அன்று தொடங்கி எஞ்சிய 8 மாதங்களும் சுவாமியின் ஆட்சி. மனைவியின் ராஜ்யத்துக்கு உதாரணமாக உலகம் எடுத்துக்காட்டும் ஊரிலேயே, 12 மாதத்தில் 8 மாதம் கணவர் கணக்கில் இருக்கிறது!

சிதம்பரத்தின் கதையும் நாம் அறிந்ததே. தில்லைக் காளிக்கும் நடராஜருக்கும் நாட்டியப் போட்டி. திருவாலங்காட்டிலும் இக்கதை வழங்குகிறது. அவர் ஆடியதையெல்லாம் அவளும் ஆடினாள். எந்த அடியிலும் அவள் குறைவுபடவில்லை. இறுதியில் அவர் ஒரு காலைத் தலைக்கு மேல் தூக்கி ஊர்த்துவ தாண்டவம் ஆடினார். சபை நடுவே பெண்ணொருத்தி அவ்வாறு காலைத் தூக்க நாணினாள், நின்றாள், தோற்றதாகத் தீர்ப்பாயிற்று. காளியின் கோயில் இன்றும் சிதம்பரத்தில் ஊரின் எல்லைப்புறத்திலே இருக்கிறது. கலையில் வென்றாரா, அவள் திருப்பிச் செய்ய முடியாத ஒன்றைச் செய்து வென்றாரா என்பதைப் பக்தர்கள் தத்துவார்த்தமாகப் பேசிக் கொள்ளட்டும். இல்லறத்தார் இதில் ஒன்றைக் கவனிக்கலாம்: எதிராளியால் பதில் சொல்ல முடியாத துறையைத் தேர்ந்தெடுத்துக் கொண்டால் எவரும் ஜெயிக்கலாம்.

ஆகவே, "மதுரை" என்பவர் எட்டு மாதத்தை மறைக்கிறார். "சிதம்பரம்" என்பவர் வென்ற விதத்தை மறைக்கிறார். பிழைப்பை நாடி வேங்கடத்தின் அடிவாரத்துக்கு வந்து சேர்ந்திருக்கும் நாம், இவ்விரண்டையும் விட்டு இவ்வூரின் கதையையே உதாரணமாகக் கொள்வது பொருத்தமாகும்.

திருமலை ஸ்தல புராணம் ஒரு குடும்பச் சச்சரவில்தான் ஆரம்பமாகிறது. மும்மூர்த்திகளுள் சாந்த குணமுடையவர் யார் என்று சோதிக்கப் புறப்பட்ட பிருகு முனிவர் வைகுண்டத்துக்கு வந்து, திருமாலின் மார்பில் காலால் உதைத்தார். திருமாலோ சினம் கொள்ளாமல், "என் மார்பு கடினமாயிற்றே, தங்கள் பாதம் நொந்ததோ?" என்று அந்தக் காலைப் பிடித்து உபசரித்தார். முனிவர் மெச்சினார், தேவர்கள் மெச்சினார்கள். மெச்சாதவர் ஒருவர்தான். உதைபட்ட மார்பு லக்ஷ்மியின் வாசஸ்தலம். தன் இருப்பிடத்தை ஒருவன் காலால் தீண்ட, அதற்குத் தன் கணவரே உபசாரம் செய்வதைக் கண்ட தேவி, வைகுண்டத்தைத் துறந்து கொல்லாபுரம் சென்றுவிட்டாள். அவளைப் பிரிந்து தனித்திருக்க மாட்டாத பெருமாள் வைகுண்டத்தை விட்டிறங்கி வேங்கடாசலம் வந்து சேர்ந்தார். பிறகு நாராயணவனத்து ஆகாசராஜன் மகள் பத்மாவதியை மணந்ததும், அக்கல்யாணச் செலவுக்குக் குபேரனிடம் கடன் பட்டதும், அந்தக் கடனுக்கு இன்றளவும் உண்டியலில் வட்டி சேர்வதாகச் சொல்லப்படுவதும் யாவரும் அறிந்தவை.

இக்கதையில் கணவர் செய்த குற்றம்தான் யாது? கோபப்பட்டாரா? இல்லை. அடித்தாரா? இல்லை. விருந்தாளியிடம் அளவு மீறிய மரியாதை காட்டினார். அந்த மரியாதையை மனைவியின் இடத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார். கொடுக்கும்போது அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவ்வளவே.

திருப்பதியில் குடியிருக்கும் நமது குடும்பங்களுக்கு இதைவிட அணுக்கமான கதை வேறில்லை. திருப்பதியில் வீடு இருக்கிறது என்று தெரிந்த மாத்திரத்தில், நமக்கு எத்தனை பங்காளிகள், எத்தனை சம்பந்தி வழியினர், எத்தனை பள்ளித் தோழர்கள் என்பது வெளிப்பட்டு விடுகிறது. காட்பாடி வழியாக ஒரு கூட்டம், சென்னை வழியாக ஒரு கூட்டம். டெலிபோனில் கணவர், "வாருங்கள், வாருங்கள், நம் வீடு இருக்கும்போது சத்திரம் எதற்கு?" என்று பிருகுவின் பாதத்தைப் பிடித்து விடுகிறார். விடியற்காலை மூன்று மணிக்கு வெந்நீர் போடுகிறவர் வேறு. மலைக்குக் கட்டிக் கொடுக்கப் புளியோதரை கிளறுகிறவர் வேறு. மொட்டையடித்துத் திரும்பும் குழந்தையின் தலைக்குச் சந்தனம் குழைக்கிறவர் வேறு. கூட்டம் புறப்பட்டுப் போன பின் எட்டுப் போர்வைகளைத் துவைக்கிறவரும் அவரே.

அவர் ஒரு நாள் வாய் திறந்து, "வரச் சொல்லுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, சொல்வதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?" என்கிறார். கணவர் உடனே இரு கைகளையும் தூக்கிச் சரணடைகிறார். மறுநாள் சங்கத்தில், "நேற்றும் தோல்வி!" என்று ஒரு விகடம் பிறக்கிறது. ஆனால் தோற்றவர் என்ன இழந்தார் என்று விசாரித்தால், ஒரு கேள்வி கேட்க வேண்டிய சிரமத்தைத் தவிர வேறொன்றையும் காணோம். அடுத்த மாதம் மறுபடியும் டெலிபோன் மணி அடிக்கிறது, மறுபடியும் "வாருங்கள், வாருங்கள்."

தம்பதிகளின் பிணக்கை நம் முன்னோர் இழிவாக எண்ணவில்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். திருக்குறள் 133 அதிகாரங்களுள் கடைசி மூன்றும் புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை என்பன. அறத்தில் தொடங்கிய நூல் கணவன் மனைவியின் செல்லச் சண்டையில் முடிகிறது. பிணக்கு உப்பைப் போல் அளவோடு இருக்க வேண்டும் என்பதும், அதில் பணிந்து போனவரே உண்மையில் மேற்கை பெற்றவர் என்பதும் வள்ளுவர் கருத்து. திருவண்ணாமலையில் தை மாதம் 2ஆம் நாள் அம்மனும் அண்ணாமலையாரும் பிணங்கும் திருவூடல் விழா நடக்கிறது. அதற்கென்றே திருவூடல் தெரு என்று ஒரு தெருவும் இருக்கிறது. கணவன் மனைவி சல்லாபங்களை எழுதித் தமிழ்நாட்டைச் சிரிக்க வைத்த எஸ்.வி.வி. அவர்கள் அதே திருவண்ணாமலையில் வக்கீலாக இருந்தவர் என்பது தற்செயலாயினும் ரசிக்கத்தக்கது.

நமது திருமலையிலும் இத்தகைய விழா உண்டு. வைகுண்ட ஏகாதசியிலிருந்து 6ஆம் நாள் நடைபெறும் பிரணய கலகோற்சவம் அது. மலையப்ப சுவாமி ஒரு பல்லக்கில் ஒரு புறமிருந்தும், ஸ்ரீதேவி பூதேவி நாச்சிமார் எதிர்ப்புறமிருந்தும் எழுந்தருள்கிறார்கள். எதிரெதிரே நின்றதும், நாச்சிமார் சார்பில் சுவாமியின் மீது பூப்பந்துகள் எறியப்படுகின்றன. சுவாமி அஞ்சினவரைப் போலப் பின்வாங்குகிறார்; மீண்டும் முன்வருகிறார்; மீண்டும் பூப்பந்து. இடையே ஓதப்படுபவை நம்மாழ்வாரின் தமிழ்ப் பாசுரங்கள். ஏழு மலைக்கும் உடையவர், வருஷத்தில் ஒரு நாளேனும் எல்லோர் முன்னிலையிலும் பின்வாங்கிக் காட்டுகிறார். பின்வாங்கியபின் தம் வழியே திரும்பிப் போய்விடுவதில்லை, சமாதானம் ஆகும்வரை நிற்கிறார் என்பதே அதில் முக்கியம்.

மகாத்துவாரத்தைக் கடந்து உள்ளே சென்றால், கிருஷ்ணதேவராயரும் அவர் தேவியர் திருமலாதேவி, சின்னாதேவி இருவரும் கைகூப்பி நிற்கும் செப்புச் சிலைகளைக் காணலாம். 1509 முதல் 1529 வரை ஆண்ட இம்மன்னர் போர்க்களத்தில் பெருவெற்றிகள் கண்டவர். ஒரு சமயம் திருமலாதேவியிடம் இவர் கோபித்துக் கொண்டு அந்தப்புரத்துக்குப் போகாமலிருந்தார் என்றும், நந்தி திம்மனா என்னும் தெலுங்குக் கவி அதை அறிந்து 'பாரிஜாதாபகரணம்' என்னும் காவியத்தைப் பாடி மன்னர் மனத்தை மாற்றினார் என்றும் ஒரு வழக்கு உண்டு. அக்காவியத்தில் கோபம் கொண்ட சத்தியபாமா கண்ணனைக் காலால் உதைக்கிறாள். கண்ணனோ அவள் பாதம் நொந்திருக்குமே என்று வருந்துகிறான். பிருகுவிடம் சொன்ன அதே வார்த்தை! விருந்தாளியிடம் சொன்னபோது அதனால் வீடு பிரிந்தது. மனைவியிடம் சொன்னபோது அதனால் வீடு சேர்ந்தது. பணிவு நல்ல குணந்தான். எவருடைய செலவில் பணிகிறோம் என்பதைப் பொறுத்தே அதன் பலன்.

இனி, நமது அன்பர்களின் தோல்விக் கணக்கைச் சங்கக் கணக்கைப் போலவே தணிக்கை செய்வோம். தோற்ற இனங்கள் யாவை? திரைச்சீலையின் நிறம். சாம்பாரில் எத்தனை மிளகாய். யுகாதிக்குப் போளியா, சித்திரை முதல் நாளுக்குப் பாயசமா என்ற தகராறு; இதில் இரண்டையும் செய்துவிடும் மனைவி வென்றதாகக் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து யார் சொல்லிக் கொடுப்பது என்ற விவாதம். இதில் "நீயே சொல்லிக் கொடு, நீ சொன்னால்தான் கேட்கிறார்கள்" என்று கணவர் தோற்கிறார். தோற்றவர் செய்தித்தாள் படிக்க, வென்றவர் பலகையும் பலப்பமுமாக உட்காருகிறார். இத்தகைய வெற்றியைப் பகைவருக்கும் விரும்ப மாட்டோம்.

விவாதத்துக்கே வராமல் நிறைவேறிய தீர்மானங்களும் சில உண்டு. அவை நடவடிக்கைக் குறிப்பில் ஏறுவதில்லை. எந்த ஊரில் உத்தியோகம்? மாற்றலுக்கு எப்போது மனுச் செய்வது? வயதான தாய் தந்தையரில் எவருடைய தாய் தந்தையர் நம்மோடு இருப்பது? கையிலிருக்கும் பணத்துக்கு மனை வாங்குவது சொந்த ஊரிலா, இங்கேயா? பத்திரம் எவர் பெயரில்? இவற்றில் எத்தனை வீட்டில் வாதம் நடந்தது? வாதமே நடக்காத இடத்தில் தோல்விக்கு வழி ஏது?

நாம் இங்கு வந்தது எப்படி என்பதையே பார்ப்போம். வேலூரிலோ திருவண்ணாமலையிலோ தஞ்சாவூரிலோ ஓர் உத்தரவு வந்தது. அல்லது ஒரு கடை வைக்க இடம் கிடைத்தது. கணவர் புறப்பட்டார், மூன்று மாதத்தில் சாமான்கள் வந்தன, சாமான்களோடு மனைவியும் வந்தார். இது நமது குடும்பங்களில் மட்டும் நிகழ்ந்ததன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி, இந்தியாவில் முன்னிருந்த ஊரை விட்டு வேறு ஊரில் வாழ்பவர் ஏறத்தாழ 45 கோடிப் பேர். அவர்களுள் ஆண்களைவிடப் பெண்களே மிக அதிகம். பெண்கள் தெரிவித்த காரணங்களுள் முதலிடம் பெற்றது திருமணம். உலகம் சுற்றி வந்தவன் என்று பெயர் ஆணுக்கு. ஊர் மாறியவர் தொகையில் பெரும்பங்கு பெண்ணுக்கு.

அலுவலகத்தில் நமக்குத் தமிழ் தெரிந்த சகாக்கள் இருக்கிறார்கள். இல்லாவிடில் அரைகுறை இங்கிலீஷ் இருக்கிறது. தெருக்கோடியில் கறிகாய்க்காரியிடம் கத்தரிக்காயை 'வங்காய' என்றும், புளியைச் 'சிந்தபண்டு' என்றும் கேட்டு வாங்கித் தெலுங்கைத் தாமே கற்றுக் கொண்டவர்கள் நமது பெண்மணிகள்தாம். குழந்தைக்கு நள்ளிரவில் சுரம் கண்டபோது, கதவைத் தட்டத் தாய்வீடு அருகில் இல்லாமல், மொழி தெரியாத அண்டை வீட்டுக் கதவைத் தட்டியவர்களும் அவர்களே. சாம்பாரின் காரத்தில் அவர்கள் பெற்ற வெற்றியை இந்த இழப்புக்கு எதிரே வரவு வைத்தால், பேரேடு சரிக்கட்டாது. மண்டபத்தின் மறுபுறத்தில் சிரிப்பொலி எழாததற்குக் காரணம் இதுவாக இருக்கலாம் என்பது நமது கருத்து.

அயலூரில் வாழும் மனைவியின் நிலையை மகாத்மா காந்தி தமது சுயசரிதையில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். 1898இல் டர்பன் நகரத்து வீட்டில் அவரோடு குமாஸ்தாக்கள் சிலரும் தங்கியிருந்தனர். அவர்களுள் ஒருவருடைய சிறுநீர்ப் பாத்திரத்தைக் கஸ்தூரிபாய் எடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும். அதையும் முகமலர்ச்சியோடு செய்ய வேண்டும் என்று வற்புறுத்தினார் காந்தி. அம்மையார் கண்ணீரோடு எதிர்த்துப் பேசினார். காந்தி அவர் கையைப் பற்றி வாசற்கதவு வரை இழுத்துச் சென்று வெளியே தள்ளக் கதவைத் திறந்தார். அப்போது அம்மையார், "உமக்கு வெட்கமில்லையா? இந்த ஊரில் எனக்கு அடைக்கலம் தர அப்பா அம்மாவா இருக்கிறார்கள், உறவினரா இருக்கிறார்கள்? நான் எங்கே போவேன்?" என்னும் கருத்துப்படக் கேட்டார். காந்தி வெட்கி, கதவைச் சாத்தினார். தீண்டாமையை ஒழிக்கும் கொள்கை உயர்ந்ததுதான். ஆயினும் போக்கிடம் இல்லாதவள் எதிரே பெறும் வெற்றி தில்லையில் காலைத் தூக்கிப் பெற்ற வெற்றியே என்பதை அவர் அந்த வாசலில் உணர்ந்தார்.

பிற்காலத்தில் ஒரு விவாதத்தில் அம்மையார் வென்றார். கடுமையான நோயிலிருந்து மீளாத காந்திக்கு 1919 தொடக்கத்தில் பம்பாயில் சிகிச்சை நடந்தது. பால் அருந்தினாலன்றி உடம்பு தேறாது என்றார் டாக்டர். பால் அருந்துவதில்லை என்று விரதம் பூண்டவர் காந்தி, அசைந்து கொடுக்கவில்லை. அருகிலிருந்த கஸ்தூரிபாய், "விரதம் எடுத்தபோது உங்கள் மனத்தில் இருந்தவை பசுவும் எருமையுந்தானே? ஆட்டுப்பாலுக்குத் தடை ஏது?" என்றார். பாரிஸ்டரிடம் பதில் இல்லை. விரதத்தின் எழுத்தைக் காப்பாற்றி உட்பொருளை விட்டுவிட்டோமே என்று அவர் உள்ளூர வருந்தியதுண்டு. ஆயினும் ஆட்டுப்பாலை ஏற்றார். அந்த ஒரு தோல்வியால் நாட்டுக்கு அவருடைய உழைப்பு மேலும் 29 ஆண்டுகள் கிடைத்தது.

இக்காலத்து ஆராய்ச்சியாளரும் இதையே வேறு வகையில் சொல்கிறார்கள். அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் காட்மனும் அவர் குழுவினரும் புதிதாக மணமான 130 தம்பதிகளைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 1998இல் முடிவுகளை வெளியிட்டனர். மனைவியின் கருத்தைத் தம் முடிவில் இடம்பெறச் செய்த கணவரின் குடும்பங்கள் நிலைத்தன. அதற்கு இடம் கொடாதவர்களின் குடும்பங்களே முறிவை நோக்கிச் சென்றன என்று கண்டார்கள். இதைப் படித்துவிட்டு, "அதனால்தான் ஐயா நான் எல்லாவற்றுக்கும் 'சரி' என்கிறேன்" என்று ஓர் அன்பர் முன்வரக் கூடும். அவருக்கு ஒரு வார்த்தை. கருத்தைக் கேட்பது வேறு, கையைக் கழுவுவது வேறு. "உன் இஷ்டப்படி செய்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர், முடிவின் பாரத்தையும் பின்னால் வரும் பழியையும் மனைவியின் தலையில் ஏற்றிவிட்டுத் தோல்வி என்ற பெயரில் ஓய்வு எடுத்துக் கொள்கிறார். கேட்பவரோ உட்கார வேண்டும். காரணம் சொல்ல வேண்டும். காரணம் கேட்க வேண்டும். மனம் மாற வேண்டிய இடத்தில் மாற வேண்டும். அது 'சரி' என்பதைவிடக் கடினமான வேலை.

ரயில்வேயில் வேலை பார்ப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். திருப்பதியிலிருந்து பாகாலா, சித்தூர் வழியாகக் காட்பாடிக்குப் போகும் 104 கிலோமீட்டர்ப் பாதை ஒற்றைப் பாதையாக அமைந்தது. ஒற்றைப் பாதையில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வரும்போது, ஒன்று கிராசிங் ஸ்டேஷனில் ஒதுங்கி நின்று மற்றதற்கு வழி விட வேண்டும். ஒதுங்கி நின்ற வண்டி தோற்றதாக எந்த டிரைவரும் சொல்லுவதில்லை. நிற்காமல் புகுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் எப்போதும் ஒரே வண்டியே நிறுத்தப்படுமானால், அதிலுள்ள பிரயாணிகள் கேள்வி கேட்கத்தான் செய்வார்கள். எனவே அங்கே ஒரு முறை இருக்கிறது. ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் தம் இஷ்டப்படி வண்டியை அனுப்பிவிட முடியாது. அடுத்த ஸ்டேஷனைக் கேட்க வேண்டும். அங்கிருந்து லைன் கிளியர் கிடைத்த பிறகே கைகாட்டி இறங்கும். அனுப்பியதை அறிவிப்பது வேறு, அனுப்பலாமா என்று கேட்பது வேறு.

இந்தப் பாதையை இரட்டைப் பாதையாக்க 1,332 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய மந்திரி சபை 2025 ஏப்ரலில் ஒப்புதல் அளித்தது. வண்டிகளுக்கு அது நல்ல செய்தி. தாம்பத்தியத்தில் இரட்டைப் பாதைக்கு ஆசைப்பட வேண்டாம். இரட்டைப் பாதையில் ஒன்றுக்காக மற்றொன்று காத்திருக்க வேண்டியதில்லை; ஒன்றையொன்று பார்த்துக் கொள்வதும் கண நேரந்தான்.

ஆகவே நமது ஆண் அங்கத்தினர்களுக்கு நாம் கூறும் யோசனை இதுவே. மாற்றலுக்கு மனு எழுதும் முன்பு, மனைக்கு முன்பணம் கொடுக்கும் முன்பு, பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று முடிவு செய்யும் முன்பு, பொங்கலுக்கு எந்த ஊர் டிக்கெட் என்று வரிசையில் நிற்கும் முன்பு, டெலிபோனில் "வாருங்கள், வாருங்கள்" என்னும் முன்பு, லைன் கிளியர் கேட்பீர்களாக. சில சமயம் கிடைக்கும். சில சமயம் கிடைக்காது. கிடைக்காதபோது நின்று, காரணம் கேட்டு, உங்கள் காரணத்தையும் சொல்லுங்கள். அந்த விவாதத்தில் தோற்றுவிட்டுச் சங்கத்துக்கு வந்து சொல்லுங்கள். உண்மையான தோல்வி என்று நாமே முதலில் கைதட்டுவோம்.

இவ்வூர் மக்கள் நம்புகிறபடி, மலைமேல் இருப்பவர் இரவுதோறும் நடந்தே இறங்கித் திருச்சானூர் போய்த் தாயாரைக் கண்டு வருகிறார். அதனால் அவர் பாதரட்சைகள் தேய்ந்து போகின்றன. கார்த்திகை மாதப் பஞ்சமி தீர்த்தத்தன்று மலையிலிருந்து மஞ்சளும் புடவையும் சீராகத் தாயாருக்கு இறங்கி வருவதை நாமெல்லாம் கண்டிருக்கிறோம். 'மதுரையா, சிதம்பரமா?' என்று இனி எவரேனும் கேட்டால், 'திருச்சானூர்' என்று விடை கூறலாம். அவள் இருக்குமிடத்துக்கு இறங்கிப் போவது என்பது அதன் பொருள்.

இப்பகுதியைப் பற்றிய அபிப்பிராயங்களைப் பெண்மணிகள் எழுதியனுப்பினால் அடுத்த இதழில் முதலிடம் தந்து வெளியிடுவோம். ஆண்கள் மறுப்பு எழுதவும் தடையில்லை. அனுப்பும் முன் வீட்டில் ஒரு முறை காட்டிவிட்டு அனுப்பக் கோருகிறோம்.